பஸ் ஸ்டாண்டில் எத்தனை அசை?

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தாளில் ஒரு குறளைக் கொடுத்து அலகிட்டு வாய்பாடு எழுதச் சொல்வார்கள். சமச்சீர்ப் பாடத்திட்டம் வந்தபின், ஆங்கிலத் தாளிலும் ஒரு சொல்லைக் கொடுத்து ‘சிலபிள்’ பிரிக்கச் சொன்னார்கள். பக்கத்திலேயே கூட்டுச்சொல் அமைக்கும் கேள்வியும் இருந்தது. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று எந்தப் பள்ளியிலும் அலகிடுவதையும் சிலபிள் பிரிப்பதையும் செய்தது ஒரே மாணவர்தான். ஆசிரியர்கள் மட்டும் வேறு வேறு. தமிழய்யா சொல்லிக்கொடுத்த அசையும் ஆங்கில வகுப்பின் சிலபிளும் உறவா பகையா என்று எந்த வகுப்பிலும் பேச்சே வருவதில்லை. கொஞ்சம் உறவு, கொஞ்சம் பகை என்பதுதான் உண்மை. ஆங்கிலக் கூட்டுச்சொற்களை எடுத்துக்கொண்டால் இரண்டும் பளிச்சென்று தெரியும்.

மதுரைத் தெருவில் ஆங்கிலக் கூட்டுச்சொல்லுக்குப் பஞ்சமில்லை. பஸ் ஸ்டாண்டு, பைபாஸ், செக்போஸ்ட், ஹெட்மாஸ்டர், பாஸ்புக், செல்போன் எல்லாம் இரண்டு சொற்கள் சேர்ந்து ஒரு பொருளைக் குறிப்பவை. பள்ளிக்கூடத்துக்குப் போகாத பாட்டியும் புழங்கும் சொற்கள் இவை. அப்படியிருந்தும் இவற்றை அசை பிரிக்கச் சொன்னால் வகுப்பறை குழம்புகிறது. அழுத்தம் எங்கே என்று கேட்டால் குழப்பம் இன்னும் கூடுகிறது. இந்தக் கட்டுரையில் பிரிப்புக்குச் சிறுகோடும், அழுத்தம் பெறும் அசைக்கு முன்னால் அகராதிகள் போடும் சிறு மேல்கோடும் (ˈ) போட்டிருக்கிறேன்.

முதல் சிக்கல் எண்ணிக்கையில். விளையாட்டுத் திடலைக் குறிக்கும் ‘பிளேகிரவுண்ட்’ ஆங்கிலத்தில் இரண்டே அசை. நம் எழுத்தில் எழுதிப் பார்த்தால் பி-ளே-கி-ர-வுண்-டு என்று ஆறு வருகிறது. சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய்கள் சேர்ந்து நிற்பதைத் தமிழ் ஏற்பதில்லை, இடையிலோ முன்னாலோ ஓர் உயிரை நுழைத்துவிடும். வல்லின மெய்யில் சொல் முடிவதையும் ஏற்பதில்லை, கடைசியில் ஓர் உகரத்தை ஒட்டிவிடும். ‘ரோட்’ என்பது ரோடு, ‘பேங்க்’ என்பது பேங்கு, ‘ஸ்கூல்’ என்பது இஸ்கூல். ‘பஸ் ஸ்டாண்ட்’ ஆங்கிலக் காதுக்கு இரண்டு அசை. நம் வாயில் இரண்டு ஸகரமும் ஒன்றாகி, பஸ்-டாண்-டு என்று மூன்றாகிறது. மாணவர் தப்பாக எண்ணவில்லை. தான் சொல்லும் சொல்லைச் சரியாகவே எண்ணுகிறார். ஆனால் கேள்வித்தாள் கேட்பது வேறொரு சொல்லை.

இந்த இடத்தில் யாப்பிலக்கணம் கை கொடுக்கிறது. குறளின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றாக முடியும் என்பது பத்தாம் வகுப்பு மாணவருக்கு மனப்பாடம். இதில் காசும் பிறப்பும் ஏன் வந்தன? ‘காசு’ என்பதன் ஈற்றில் உள்ள உகரம் ஒரு மாத்திரை ஒலிக்கும் முழு உயிர் அல்ல, அரை மாத்திரையே ஒலிக்கும் குற்றியலுகரம். அதைத் தனி அசையாக எண்ணத் தொல்காப்பியருக்கு மனம் வரவில்லை. நேரசையோடு உகரம் ஒட்டினால் நேர்பு, நிரையசையோடு ஒட்டினால் நிரைபு என்று முழுச் சொல்லையும் ஓர் அசைக்குள் அடக்கினார். பின்னால் வந்த யாப்பு நூலார் நேர்பையும் நிரைபையும் பொதுவாகக் கைவிட்டார்கள், வெண்பாவின் ஈற்றில் மட்டும் அவை காசாகவும் பிறப்பாகவும் தங்கின. நாம் ‘ரோடு’, ‘பேங்கு’, ‘ஸ்டாண்டு’ என்று ஒட்டும் உகரமும் இதே குற்றியலுகரம்தான். “கடைசி உகரத்தைக் காசு போல எண்ணு” என்று ஆங்கில ஆசிரியர் ஒரு வாக்கியம் சொன்னால் பாதித் தவறு போய்விடும். அதை விட்டுவிட்டுத் தாடைக்கு அடியில் கையை வைத்து, வாய் எத்தனை முறை திறக்கிறது என்று எண்ணச் சொல்லும் முறைதான் பரவியிருக்கிறது. ‘ரோடு’ என்று சொல்லிப் பழகிய வாயில் தாடை இரண்டு முறைதான் இறங்கும். அந்த முறை நமக்கு உதவாது.

ஒன்றை மறக்கக் கூடாது. யாப்பின் அசையும் ஆங்கில அசையும் ஒரே அளவல்ல. ‘மலர்’ யாப்பில் ஒரே அசை, நிரை. ஆங்கிலக் கணக்கில் அது ம-லர் என்று இரண்டு. ஆகவே நிரையை இரண்டாக உடைத்து, ஈற்றுக் குற்றியலுகரத்தைக் கழித்து, நாம் நுழைத்த உயிர்களையும் கழித்தால் பெரும்பாலும் ஆங்கிலக் கணக்கு வந்துவிடும். இப்படிச் சொன்னால் பெரிய சூத்திரம் போல இருக்கிறது. ஆனால் அலகிடத் தெரிந்த பிள்ளைக்கு இது பத்து நிமிட வேலை.

அடுத்தது, எங்கே வெட்டுவது என்ற கேள்வி. இதில் ஆங்கிலேயரும் அமெரிக்கருமே ஒத்துப்போனதில்லை. 18ஆம் நூற்றாண்டில் பள்ளிகளில் புழங்கிய டில்வர்த்தின் எழுத்துக்கூட்டல் நூல் ‘கிளஸ்டர்’ என்பதைக் கிள-ஸ்டர் என்றும், ‘ஹாபிட்’ என்பதை ஹா-பிட் என்றும் வெட்டியது. 1783இல் அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் தம் எழுத்துக்கூட்டல் நூலை வெளியிட்டபோது, உச்சரிப்பதைப் போலவே வெட்ட வேண்டும் என்று சொல்லி அவற்றைக் கிளஸ்-டர் என்றும் ஹாப்-இட் என்றும் மாற்றினார். அறிவைக் குறிக்கும் ‘நாலெட்ஜ்’ என்ற சொல்லைப் பழைய பிரிட்டிஷ் அச்சகங்கள் ‘நோ’ என்ற வேர்ச்சொல்லை ஒட்டி வரி முடிவில் உடைத்தன. அமெரிக்க அச்சகங்கள் ஒலியை ஒட்டி நால்-எட்ஜ் என்று உடைத்தன. ஒலியியலாரும் இரண்டு அணி. இடையில் நிற்கும் மெய்களை முடிந்தவரை அடுத்த அசைக்குக் கொடு என்பது ஒரு கொள்கை. அழுத்தமான அசை முடிந்தவரை மெய்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் என்பது 1990இல் உச்சரிப்பு அகராதி வெளியிட்ட ஜே. சி. வெல்ஸின் கொள்கை. இரண்டு அகராதிகளைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மதிப்பெண்ணுக்காகச் சண்டை போடும் ஆசிரியர்கள் இந்தச் சரித்திரத்தை அறிந்தால் கொஞ்சம் அமைதியாவார்கள். எந்தப் புள்ளியில் வெட்டுகிறோம் என்பதைவிட எத்தனை துண்டு என்பதுதான் உறுதியான விஷயம்.

கூட்டுச்சொல்லில் மட்டும் இந்தத் தகராறுக்கு இடமில்லை. மூட்டில் வெட்ட வேண்டும், அவ்வளவுதான். இரண்டு சொல் சேர்ந்த இடம் எதுவோ, அசையும் அங்கே உடையும். அதன் பிறகே ஒவ்வொரு பகுதிக்குள்ளும் வெட்டு. நம் யாப்புப் பழக்கம் காலை வாருவது இந்த இடத்தில்தான். தமிழில் ஒற்றெழுத்து எப்போதும் தனக்கு முன்னால் உள்ள எழுத்தோடுதான் சேரும், அடுத்த அசையைத் தொடங்காது. ‘கிளஸ்டர்’ போன்ற சொல்லில் இது வெப்ஸ்டரோடு ஒத்துப்போகிறது. ஆனால் ‘டீஸ்பூன்’ என்ற சொல்லைத் தமிழ்க் கண்ணால் அலகிட்டால் டீஸ்-பூன் என்றுதான் வரும். ஆங்கிலத்தில் அது டீ-ஸ்பூன். மூட்டு ‘டீ’க்குப் பிறகு இருக்கிறது, ஸகரம் கரண்டியைச் சேர்ந்தது. ஆங்கில ஒலியியல் வகுப்புகளில் சொல்லப்படும் புகழ்பெற்ற சோடி ஒன்று உண்டு: சமாதானப் பேச்சைக் குறிக்கும் ‘பீஸ் டாக்ஸ்’, பட்டாணித் தண்டைக் குறிக்கும் ‘பீ ஸ்டாக்ஸ்’. ஒலிகள் ஒன்றே, மூட்டு வேறு. முதலாவதில் டகரத்துக்குப் பின் சின்ன மூச்சு வெளிவரும். இரண்டாவதில் ஸகரத்தை அடுத்து வருவதால் வராது. முதலாவதில் ‘பீ’யின் நெடில் சற்றுக் குறுகும், இரண்டாவதில் முழுதாக ஒலிக்கும். மூட்டு எங்கே என்பதை ஆங்கிலேயர் காதால் கண்டுபிடிப்பது இந்த நுணுக்கங்களால்தான். நாம் அலகிட்டால் இரண்டும் பீஸ்-டாக்ஸ்.

மூட்டே மறைந்துபோன கூட்டுச்சொற்களும் உண்டு. ‘கபர்ட்’ என்ற அலமாரி ஒரு காலத்தில் கோப்பை வைக்கும் பலகை. எழுத்தில் இன்னும் கப், போர்ட் இரண்டும் நிற்கின்றன. பேச்சில் ‘கப்’பின் பகரம் போய்விட்டது, ‘போர்ட்’ தேய்ந்து வெறும் ‘பர்ட்’ ஆகிவிட்டது. ‘பிரெக்ஃபஸ்ட்’ என்பதும் உண்ணாமையை உடைப்பதைக் குறித்த கூட்டுச்சொல்தான். நம் ஊரில் அதைப் ‘பிரேக் ஃபாஸ்ட்’ என்று மூட்டோடு சொல்பவர்கள் அதிகம். எழுத்தைப் பார்த்து ஆங்கிலம் படித்தவர்கள் என்பதற்கு அதுவே சாட்சி. இந்தத் தேய்வு நமக்குப் புதிதும் அல்ல. இளநீர் பேச்சில் எளனி ஆனது, வெந்நீர் வெந்நி ஆனது, தண்ணீர் தண்ணி ஆனது. மூன்றிலும் இரண்டாம் பகுதியான நீர் நெடிலை இழந்து, ஈற்று ரகரத்தையும் இழந்து சுருங்கியிருக்கிறது. கூட்டுச்சொல்லின் முதற்பகுதி வலுவோடு நின்றால் பின்பகுதி தேயும் என்ற அதே விதிதான் கபர்டையும் எளனியையும் உண்டாக்கியது. தமிழில் அழுத்தமே கிடையாது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறவர்கள் மதுரையில் ஓர் எளனிக் கடையில் கொஞ்சம் நின்று கேட்டால் போதும்.

தமிழில் அழுத்தம் உண்டா என்ற கேள்வி பழையது. இடையன்குடியில் இருந்து எழுதிய கால்டுவெல் 1856இல் வெளியான ஒப்பிலக்கணத்தில் இதைத் தொட்டிருக்கிறார். திராவிட மொழிகளில் சொல்லின் முதல் அசையே அழுத்தத்தின் இயல்பான இருப்பிடம், கூட்டுச்சொல்லாக இருந்தால் இரண்டாம் பகுதியின் முதல் அசைக்கு இரண்டாம் நிலை அழுத்தம் கிடைக்கும் என்பது அவர் கணிப்பு. கருவிகள் இல்லாத காலத்தில் காதை மட்டும் நம்பிச் சொன்னது. பிரதிமா கிறிஸ்துதாஸ் 1988இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வேட்டில் முதல் அசை குறிலாகவும் அடுத்தது நெடிலாகவும் இருந்தால் அழுத்தம் இரண்டாவதற்கு நகரும் என்றார். எலினோர் கீன் 2006இல் ஒலிப்பதிவுகளை அளந்து பார்த்தபோது, ஆங்கிலத்தில் இருப்பதைப் போல நீளத்தாலும் உரப்பாலும் ஓங்கி நிற்கும் சொல்லழுத்தம் தமிழில் தெளிவாகக் கிடைக்கவில்லை. சொல்லின் தொடக்கத்தில் சுருதி எழுவதும், முதல் அசை அல்லாத இடங்களில் உயிரொலிகள் தேய்வதும் தெரிந்தன. கால்டுவெல்லின் காது முழுக்கத் தவறவில்லை. ஆனால் அவர் கேட்டது ஆங்கில அழுத்தம் அல்ல.

தாளம் பற்றிய வாதமும் இதோடு சேர்ந்தது. மொழியியலார் கென்னத் பைக் 1945இல் மொழிகளை அழுத்தத்தால் நடப்பவை, அசையால் நடப்பவை என்று இரண்டாகப் பிரித்தார். ஒலியியலார் ஆபர்க்ராம்பி 1967இல் அசையால் நடக்கும் மொழிகளுக்குப் பிரெஞ்சு, யொருபாவோடு தெலுங்கையும் உதாரணம் காட்டினார். தெலுங்குக்கு உண்டென்றால் தமிழுக்கும் உண்டு என்று பலரும் எடுத்துக்கொண்டார்கள். எடின்பரோவில் பேச்சுத்தமிழின் ஒலியியலை ஆராய்ந்த டி. பாலசுப்பிரமணியன் 1980இல் ஒலியியல் இதழ் ஒன்றில் தமிழின் காலக்கணக்கை அளந்து எழுதிய கட்டுரை, அசைகள் எல்லாம் சம நீளம் என்ற எண்ணத்தை ஏற்கவில்லை. ஏற்க முடியாது என்பது யாப்புப் படித்தவருக்கு வெளிப்படை. குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு மாத்திரை என்று வைத்திருக்கும் மொழியில் அசைகள் எப்படிச் சம நீளமாகும்? திருப்பரங்குன்றத்துத் திருப்புகழைப் பாடிப் பழகியவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அருணகிரிநாதரின் சந்தக் குழிப்பில் தன, தான, தந்த, தத்த என்று குறில் நெடிலும் வல்லின மெல்லின ஒற்றும்தான் கணக்கு. எந்த அசையை ஓங்கிச் சொல்வது என்பது அதில் இல்லவே இல்லை. அழுத்தத்தைக் கேட்கத் தமிழ்க் காது பழகாததற்குக் காரணம் கேட்கும் திறன் குறைவு என்பதல்ல. நம் செவி வேறொன்றை அளந்து பழகியிருக்கிறது.

இனிக் கூட்டுச்சொல் அழுத்தத்துக்கு வருவோம். ஆங்கிலத்தில் செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடாரம் ˈகிரீன்ஹவுஸ். பச்சை வண்ணம் அடித்த வீடு கிரீன் ˈஹவுஸ். அழுத்தம் இடப்பக்கம் இருந்தால் ஒரே பெயர், வலப்பக்கம் போனால் அடைமொழியும் பெயரும். ˈஇங்கிலீஷ் டீச்சர் என்றால் ஆங்கிலப் பாடம் நடத்துபவர், அவர் ஆண்டிபட்டிக்காரராகவும் இருக்கலாம். இங்கிலீஷ் ˈடீச்சர் என்றால் இங்கிலாந்துக்காரர். நம் ஊர் ஸ்டாஃப் ரூமில் இரண்டும் ஒரே ராகத்தில்தான் வரும், இரண்டு பகுதிக்கும் சம எடை.

இதே வேறுபாட்டைத் தமிழ் வேறு வழியில் காட்டுகிறது. தந்தப் பலகை என்றால் யானைத் தந்தத்தால் ஆனது. தந்த பலகை என்றால் யாரோ கொடுத்தது. ஒரு பகரம் மிகுந்ததும் மிகாததும் பொருளை மாற்றிவிட்டன. ஆங்கிலம் அழுத்தத்தால் செய்வதை நாம் சந்தியால் செய்கிறோம். ஒப்புமை இத்தோடு நிற்கவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. வேற்றுமைத்தொகையில் பெரும்பாலும் ஒற்று மிகும், ஆங்கிலத்தில் அந்த வகைக் கூட்டுச்சொல் பெரும்பாலும் இடப்பக்கம் அழுந்தும்: ˈபஸ் ஸ்டாண்ட், ˈபோஸ்ட் ஆபீஸ், ˈடீ ஸ்டால். உம்மைத்தொகையில் ஒற்று மிகாது, வெற்றிலைபாக்கு என்போமே தவிர வெற்றிலைப்பாக்கு அல்ல. ஆங்கிலத்திலும் இரண்டும் சமமாக நிற்கும் சொற்களில் அழுத்தம் இடப்பக்கம் ஒட்டுவதில்லை: வடகிழக்கைக் குறிக்கும் நார்த்-ˈஈஸ்ட், கசப்பும் இனிப்புமான பிட்டர்-ˈஸ்வீட். அன்மொழித்தொகையின் சாயல் கொண்டவை, ஜேப்படித் திருடனைக் குறிக்கும் ˈபிக்பாக்கெட் போல, இடப்பக்கமே அழுந்துகின்றன. தொகைகளில் பொருள் எங்கே தங்குகிறது என்று தொல்காப்பியர் எச்சவியலில் நான்கு இடம் சொல்கிறார்: முன்மொழி, பின்மொழி, இரண்டும், இரண்டுமல்லாத வேறொன்று. ஆங்கிலக் கூட்டுச்சொல்லைப் பிரித்துப் பார்க்க இதைவிடத் தெளிவான சட்டகம் ஆங்கில இலக்கணப் புத்தகங்களில் கிடைப்பது அரிது. ஆனால் எல்லாச் சோடியும் பொருந்திவிடாது. பச்சைக்கிளி பண்புத்தொகை, ஒற்று மிகுகிறது. ஆங்கிலத்தில் பண்பும் பெயரும் சேர்ந்தது கூட்டுச்சொல்லா சொற்றொடரா என்பதைப் பொறுத்துத்தான் அழுத்தம் மாறும். அதற்கு நம் இலக்கணத்தில் பதில் இல்லை.

இடப்பக்க விதியை 1968இல் சாம்ஸ்கியும் மோரிஸ் ஹாலும் ஆங்கில ஒலியமைப்பைப் பற்றிய பெருநூலில் விதியாகவே எழுதிவைத்தார்கள்: பெயர்க் கூட்டுச்சொல்லில் முதற்பகுதி மேலோங்கும், சொற்றொடரில் கடைசிப் பகுதி மேலோங்கும். விதி அழகானது. ஆனால் மீறல்களும் நிறைய. வினைகளும் பெயரடைகளும் பலவேளை வலப்பக்கம் சாயும்: ஓவர்ˈடேக், அண்டர்ˈஸ்டாண்ட், ஓல்ட்-ˈஃபேஷன்ட். ஒரு பொருளால் செய்த உணவு என்றால் வலப்பக்கம், ஆப்பிள் ˈபை. அந்தக் கணக்கில் நம் ஊர் உணவகப் பலகையில் உள்ள மட்டன் ˈசூப், சிக்கன் ˈகறி இரண்டும் வலம். ஆனால் ‘ஜூஸ்’ வந்தால் இடம், ˈஆப்பிள் ஜூஸ். ‘கேக்’ வந்தாலும் இடம். ஏன் என்று கேட்டால் எவரிடமும் முழுத் திருப்தியான பதில் கிடையாது. ‘ஐஸ்கிரீம்’ பிரிட்டனில் பெரும்பாலும் வலம், அமெரிக்காவில் இடம். ‘வீக்கெண்ட்’ சொல்லும் அப்படியே. பள்ளிக்கூடத்தில் தினமும் புழங்கும் ‘ஹெட்மாஸ்டர்’ பிரிட்டிஷ் உச்சரிப்பில் ஹெட்ˈமாஸ்டர். விதியை மட்டும் படித்த பிள்ளை முதலில் இடறி விழுவது தலைமையாசிரியரிடம்தான். ஒற்று மிகுமா மிகாதா என்று பத்திரிகை அலுவலகங்களில் இன்னும் வாதம் நடக்கும் மொழிக்காரர்களாகிய நாம் இதற்காக ஆங்கிலத்தைக் குறை சொல்லவும் முடியாது.

மீறல்களில் எனக்கு மிகவும் பிடித்தது தெருப்பெயர். ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரீட்’ என்று முடியும் பெயரில் அழுத்தம் முன்னால் நிற்கும்: ˈஆக்ஸ்ஃபோர்ட் ஸ்ட்ரீட். ‘ரோடு’, ‘அவென்யூ’, ‘லேன்’ என்று முடிந்தால் பின்னால் போகும்: ஆக்ஸ்ஃபோர்ட் ˈரோட். ‘ஸ்ட்ரீட்’ மிகச் சாதாரணமாக எங்கும் வருவதால் அது புதுச் செய்தி எதையும் தருவதில்லை, அதனால் அமுங்கிவிடுகிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூல, மாசி, வெளி என்று வீதிகள் சதுரம் சதுரமாக விரியும் ஊரில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஆங்கில விதிப்படி வெஸ்ட் ˈமாசி ஸ்ட்ரீட் என்று வரவேண்டும், டவுன் ஹால் ˈரோட் என்று வரவேண்டும். ஆனால் மாசி வீதிகள் நான்கு. ஆட்டோக்காரரிடம் சொல்லும்போது எந்த மாசி வீதி என்பதுதான் முக்கியம். அப்போது ஆங்கிலத்திலும் அழுத்தம் ˈவெஸ்ட் பக்கம் தாவிவிடும். தமிழிலும் நாம் “மேலமாசி வீதிங்க, கீழமாசி இல்ல” என்று ‘மேல’யை ஓங்கித்தான் சொல்கிறோம். வேறுபடுத்திக் காட்டும் இடத்தில் அழுத்துவது ஆங்கிலத்துக்கு மட்டும் சொந்தமான பழக்கம் அல்ல. கூட்டுச்சொல் அழுத்தத்தை இந்த முனையிலிருந்து தொடங்கிக் கற்பித்தால் மாணவர் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதிலிருந்து தொடங்கியதாகிவிடும்.

மூன்று நான்கு சொற்கள் அடுக்கி வந்தால் என்ன செய்வது என்பதை 1977இல் லிபர்மன், பிரின்ஸ் என்ற மொழியியலார் தீர்த்துவைத்தார்கள். கூட்டுச்சொல்லை இரண்டிரண்டாகக் கிளை பிரித்துப் பார். வலப்பகுதி தானே இரண்டாகக் கிளைத்தால் அது வலுப்பெறும், கிளைக்காவிட்டால் இடப்பகுதி வலுப்பெறும். பெரியார் பஸ் ஸ்டாண்டு என்பதில் வலப்பகுதியான ‘பஸ் ஸ்டாண்ட்’ கிளைத்திருக்கிறது, ஆகவே பெரியார் ˈபஸ் ஸ்டாண்ட். பஸ் ஸ்டாண்டில் உள்ள டீக்கடையை ஆங்கிலத்தில் அடுக்கிச் சொன்னால் பஸ் ஸ்டாண்ட் ˈடீ ஸ்டால். இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு அரசு அலுவலகப் பலகைகளின் நீண்ட ஆங்கிலப் பெயர்களையும் அலகிடலாம். நல்ல பொழுதுபோக்கு.

இவ்வளவும் நமக்கு எதற்கு என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள் உண்டு. 1958இல் ஹைதராபாத்தில் தொடங்கிய மத்திய ஆங்கில நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். கே. பன்சால், இந்தியர் பேசும் ஆங்கிலம் மற்றவர்க்கு எவ்வளவு புரிகிறது என்று ஆராய்ந்து 1969இல் வெளியிட்டார். புரியாமல் போவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்றாக அவர் கண்டது சொல்லழுத்தம் தவறுவது. அதன் விளைவாகக் கல்லூரி ஒலியியல் பாடங்களில் அழுத்தத்துக்குப் பெரிய இடம் கிடைத்தது. பாலசுப்பிரமணியன் 1981இல் எழுதிய இந்திய மாணவர்க்கான ஒலியியல் பாடநூல் தமிழ்நாட்டு ஆங்கில இலக்கிய மாணவர்களிடம் பல தலைமுறையாகப் புழங்குகிறது. மறுபக்கம் ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000இல் எழுதினார்: ஆங்கிலம் இப்போது ஆங்கிலேயர் அல்லாதவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மொழி. அவர்களுக்குள் புரிந்துகொள்ள எது அவசியம் என்று பார்த்தால் சொல்லழுத்தம் அந்தப் பட்டியலில் இல்லை. கற்பித்து வரக்கூடியதும் அல்ல. வாக்கியத்தில் முக்கியமான சொல்லை ஓங்கிச் சொல்வது அவசியம். மெய்க்கூட்டத்தில் ஒலியை விழுங்குவது தவறு, ஓர் உயிரைக் கூடுதலாக நுழைப்பது பொறுத்துக்கொள்ளத்தக்கது. இந்தக் கணக்கில் நம் ‘கிரவுண்டு’ குற்றமே அல்ல.

நான் பாதி பன்சால் பக்கம், பாதி ஜென்கின்ஸ் பக்கம். தனிச்சொல்லின் அழுத்தத்தை அகராதி பார்த்து மனப்பாடம் செய்ய வைப்பது வீண். கூட்டுச்சொல்லின் அழுத்தம் அப்படியல்ல, அது கிட்டத்தட்ட வாக்கிய அழுத்தத்தின் தம்பி. பொருளைப் பிரித்துக் காட்டும் இடத்தில் ஓங்குவது என்ற ஒரே கொள்கைதான் இரண்டுக்கும் அடித்தளம். ஒன்றைக் கற்பித்தால் மற்றது வரும். இலந்தைக்குளம் எல்காட் வளாகத்தில் வேலைக்குத் தொலைபேசி நேர்காணல் கொடுக்கும் இளைஞருக்கு மேலைநாட்டு நாக்கு தேவையில்லை. எதிர்முனையில் இருப்பவர் எதிர்பார்க்கும் இடத்தில் குரல் எழ வேண்டும், அவ்வளவுதான்.

இதற்கான நிலம் மதுரையில் எப்போதோ பண்பட்டது. 1881இல் பசுமலையில் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி முதல், 1948இல் கேட்டி வில்காக்ஸ் நிறுவிய லேடி டோக் கல்லூரி வரை ஆங்கிலக் கல்விக்கு இங்கே நீண்ட மரபு இருக்கிறது. 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது முதல் துணைவேந்தராக வந்த தெ. பொ. மீனாட்சிசுந்தரன் தமிழிலக்கணமும் மொழியியலும் ஒருசேரக் கற்றவர், தமிழ் மொழியின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதியவர். யாப்பையும் ஒலியியலையும் ஒரே மேசையில் வைத்துப் பேசும் பழக்கம் பல்கலைக்கழக அளவில் இருந்திருக்கிறது. அது பள்ளிக்கூடத்துக்கு இறங்கி வரவில்லை. ஆங்கில ஆசிரியர் அசை என்ற சொல்லையே சொல்வதில்லை. தமிழாசிரியர் ‘பஸ் ஸ்டாண்டு’ என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதுவதில்லை.

வினாத்தாளும் இதைக் கெடுக்கிறது. எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கும் வரை, மாணவர் வழிகாட்டி நூலில் போட்டிருக்கும் சிறுகோடுகளை அப்படியே நினைவில் வைத்துக்கொள்வார். ஒரு சொல்லுக்குக்கூட வாயைத் திறக்கமாட்டார். எத்தனை அசை என்ற கேள்விக்கு மதிப்பெண் இருந்தது, எந்த அசை ஓங்குகிறது என்ற கேள்வி அபூர்வம். முன்னதைவிடப் பின்னதுதான் பேச்சுக்குப் பயன்படுவது. பயிற்சி ஏட்டிலாவது கேள்வியை வேறு மாதிரி அமைக்கலாம். ஆசிரியர் ‘கிரீன்ஹவுஸ்’ என்பதை இரண்டு விதமாக வாசிக்கட்டும். மாணவர் கண்ணாடிக் கூடாரமா பச்சை வீடா என்று படத்தைத் தொட்டுக் காட்டட்டும். அடுத்து டீஸ்பூனின் மூட்டைக் காட்டச் சொல்லட்டும். மூன்றாவதாகத் தெற்குமாசி வீதிக்கும் வடக்குமாசி வீதிக்கும் ஆங்கிலத்தில் ஆட்டோ பேசச் சொல்லட்டும், ஒரு முறை எந்த வீதி என்று தெரியாதவரிடம், இன்னொரு முறை வேறு வீதியில் இறக்கிவிட்டவரிடம். அந்த இரண்டாவது தடவை அழுத்தம் தானாகச் சரியான இடத்தில் விழுந்துவிடும், விதியைச் சொல்லித்தரவே தேவையிருக்காது.